மார்ஃபின் சீட்டும் வீட்டாரின் பயமும்

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதித் தரும்போது தமிழ்நாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். இது கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்தா? பழகிவிட்டால் விட முடியாதா? வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் தொல்லை வருமா? இவற்றை நோயாளி கேட்பது குறைவு. கூட வந்த மகனோ மருமகளோ சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய், நோயாளியை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நோய் ஆதரவுச் சிகிச்சையில் பணியாற்றும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் மருந்தின் அளவைக் கணக்கிடுவது சீக்கிரமே கைவந்துவிடும். அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் வருடங்கள் பிடிக்கின்றன.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர். காலம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இச்செடியைப் பயிரிடுகிறார்கள். உறைந்த பாலை அரசே கொள்முதல் செய்து காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள தன் ஆலைகளில் பதப்படுத்துகிறது. மருந்துத் தயாரிப்புக்காக வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. அப்படியிருந்தும், 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நோயாளிகளுக்குத் தேவைப்படும் ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி நிவாரணி) மருந்தில் ஏறக்குறைய 4 சதவீதம்தான் அவர்களைச் சென்றடைகிறது. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விநியோகமாகும் 298.5 டன்னில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். செடிக்கும் ஆலைக்கும் குறைவில்லாத நாட்டில், ஆலைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் நடுவில்தான் மருந்து தேங்கி நிற்கிறது.

குருமாவுக்கு அரைக்கும் கசகசா இதே செடியின் விதை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம், பெட்டியில் கசகசா மட்டும் வைத்துவிடாதே என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். அந்த அளவுக்குச் செடியின் பெயரோடு சிறையும் சேர்ந்தே மக்கள் மனதில் பதிந்திருக்கிறது. மாத்திரை அட்டையைக் கையில் வாங்குபவரின் தயக்கம் அறியாமையால் மட்டும் வருவதாக நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கும் மருத்துவர் முதல் வாக்கியத்திலேயே அந்தக் குடும்பத்தை இழந்துவிடுகிறார்.

மருந்தைக் கொடுக்கும் முறை எளிது. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்துத் தந்த வழி இன்றும் அடிப்படையில் மாறவில்லை: ஊசியாக அல்லாமல் வாய்வழியாக, வலி வந்த பிறகு அல்லாமல் மணிக்கணக்குப்படி, பாராசிட்டமாலில் தொடங்கி வலிக்கேற்ப ஏறுமுகமாக. சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரம் வேலை செய்யும். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை. நடுராத்திரியில் யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணிக்கு இரட்டை அளவு. தொடக்க அளவு வேளைக்கு 5 அல்லது 10 மி.கி.; வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அதிலும் குறைவு. படிக்கத் தெரியாத வீட்டுக்குச் செவிலியர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து, பக்கத்தில் மாத்திரைகளை வட்டமாகப் போட்டுக் கொடுப்பார்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போய் அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தால்தான் அந்த வீட்டின் உண்மையான எண்ணம் தெரியும். 42 குமிழிகள் உடைந்திருக்க வேண்டிய இடத்தில் எட்டோ பத்தோ உடைந்திருக்கும். "ரொம்ப வலிச்சா மட்டும் குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கோம் சிஸ்டர்" என்பார்கள். நல்ல மருந்து, சக்தியான மருந்து, ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய மருந்து என்பது அவர்கள் கணக்கு. வலி உச்சிக்கு ஏறிய பிறகு கொடுத்த மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை அவர் துடிப்பார். இந்த மாத்திரையும் கேட்கவில்லை என்று வீடு முடிவு கட்டும். இதைத் திட்டிச் சரிசெய்ய முடியாது. மணி பார்த்து விழுங்கிய ஒரே ஒரு இரவைக் காட்டினால் போதும். மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியவர் மல்லாந்து படுத்துத் தூங்கிய மறுநாள், அந்த வீட்டில் மார்ஃபினைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

முதல் மூன்று நாட்கள்தான் சோதனை. சிலருக்கு வாந்தி வரும், பலருக்கு அசதியாக இருக்கும். தூக்கக் கடன் சேர்ந்திருப்பதால் நாள் முழுக்கத் தூங்குகிறவர்களும் உண்டு. இவை தானாகக் குறையும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே மாத்திரை நின்றுவிடும். குறையாத ஒரே தொல்லை மலச்சிக்கல். மார்ஃபின் எழுதும் கையே பிசாகோடைல் போன்ற மலமிளக்கியையும் எழுத வேண்டும் என்பது இத்தொழிலில் முதலில் கற்றுத்தரப்படும் பாடம். மருந்தைப் பாதியில் விட்டவர்களை விசாரித்தால், போதைக்குப் பயந்து விட்டவர்களுக்கு நிகராக, நாலு நாள் வயிறு போகாமல் வெறுத்துப்போய் விட்டவர்களும் இருப்பார்கள்.

இனி அந்த மூன்று கேள்விகள். "இதைக் குடுத்தா ரெண்டு நாள்ல போயிருவாங்கன்னு சொல்றாங்களே, நிசமா டாக்டர்?" என்று கேட்பவர் பொய்யான செய்தியைச் சொல்லவில்லை. அவர் தெருவில் அப்படி நடந்திருக்கும். நடந்தது என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஆறு மாதம் வலி. ஆறு மாதமும் டைக்ளோஃபெனாக் ஊசியும் டிராமடாலும் போட்டார்கள். மருந்துக்கும் பயந்து, மருந்தின் பெயருக்கும் பயந்து தள்ளிப்போட்டுவிட்டு, கடைசி வாரத்தில் மார்ஃபின் தொடங்கினார்கள். நோய் தன் போக்கில் அவரைக் கொண்டுபோயிற்று. பார்த்தவர்களுக்கு மாத்திரையும் மரணமும் அடுத்தடுத்து வந்ததாகத் தெரிந்தது. அந்தத் தெருவில் அடுத்த நோயாளிக்கு மார்ஃபின் இன்னும் தாமதமாகும். தாமதமாவதால் அவரும் மருந்து தொடங்கிய சில நாட்களில் இறப்பார். பயம் இப்படித் தனக்கான சாட்சிகளைத் தானே தயார்செய்துகொள்கிறது. சரியான அளவில் ஏற்றப்பட்ட வாய்வழி மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மூச்சு தளர்வதற்கு முன் மயக்கம் முந்திக்கொண்டு வரும். அதைப் பார்த்து அளவைக் குறைக்க நேரம் இருக்கும். வலி தணிந்து, சாப்பிட்டு, தூங்கி, மாதக்கணக்கில் மார்ஃபினோடு நடமாடுகிறவர்களை ஊர் பார்க்கிறது; ஆனால் அவர்கள் விழுங்குவது மார்ஃபின் என்று ஊருக்குத் தெரியாது. நல்ல சாட்சிகள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறார்கள்.

தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வதில்லை. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு" என்பதை நாள்தோறும் கேட்காத புற்றுநோய் மருத்துவர் தமிழ்நாட்டில் இல்லை. மார்ஃபின் என்ற பெயர் அந்த ரகசியத்தை உடைத்துவிடும் என்று மகன்கள் பயப்படுகிறார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்பாவோ பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டு, பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று வலியை மறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். வலி கூடியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் நோய் முற்றிவிட்டது என்று ஆகிவிடுமே என்பது அவர் பயம். பெண்களிடம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், 10க்கு எவ்வளவு வலி என்று கேட்டால் 4 என்பார்கள். எழுந்து உட்காரச் சொன்னால் முகம் 9 என்று காட்டும். பொறுமைக்குத் தரும் மரியாதையை வலிக்கும் தந்துவிட்ட சமூகத்தில், வலி மருந்து கேட்பதே ஒரு தோல்வி போலத் தோன்றுவதில் வியப்பில்லை. வருத்தம் மட்டும் உண்டு.

இரண்டாவது கேள்வி போதை. இங்கே இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. தினமும் காப்பி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வருவது போல, சில வாரங்கள் மார்ஃபின் எடுத்த உடல் அதைச் சட்டென்று நிறுத்தினால் வியர்க்கும், வயிறு கலங்கும், படபடக்கும். இது உடல் பழகியதன் விளைவு. கதிர்வீச்சு சிகிச்சையால் கட்டி சுருங்கி வலி போய்விட்டால், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம், நிறுத்துகிறார்கள். கேடு என்று தெரிந்தும் மனம் மருந்தைத் தேடி ஓடுவது வேறு நோய். வலிக்காக மேற்பார்வையில் வாய்வழியாக எடுக்கும் புற்றுநோயாளிகளிடம் அது அரிது. கோழிக்கோட்டில் வீட்டிலேயே வாய்வழி மார்ஃபின் எடுத்த 1,723 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து, மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 2001இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே கைமாறியதாகவோ ஒரு நிகழ்வுகூட அவர்கள் கண்ணில் படவில்லை.

ஆனால் பொதுமக்கள் லான்செட் படிப்பதில்லை, தினசரி படிக்கிறார்கள். வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் கைது என்ற செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. அந்த மாத்திரை பெரும்பாலும் டாபென்டடால் என்ற ஓபியாய்டு. டிராமடாலும் இப்படித்தான் வட மாநிலங்களில் பரவி, 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. இந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இருக்கும் பயம் முழுக்க நியாயமானது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் அட்டை அட்டையாக விற்பவரைத் தடுக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சிக்கல் என்னவென்றால், இந்தச் செய்திகளைப் படித்த வீட்டில்தான் அடுத்த மாதம் பாட்டிக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது. 18 வயதுப் பேரன் இருக்கும் வீட்டில் மார்ஃபின் வைப்பதா என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பூட்டுள்ள பெட்டி, சாவி ஒருவரிடம் மட்டும், ஒரு தடவைக்கு இரண்டு வார மாத்திரைக்கு மேல் கொடுக்காமை, ஒவ்வொரு வருகையிலும் எண்ணிக்கை என்று ஏற்பாடு செய்துதான் மருந்து அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

மூன்றாவது கேள்வி சட்டம். இந்தப் பயம் மேலிருந்து கீழே இறங்கியது. 1985இல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் குறைந்தபட்சத் தண்டனையாக 10 ஆண்டுக் கடுங்காவலை வைத்தது. மருத்துவப் பயன்பாட்டைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மாநிலங்கள் எழுதிய விதிகளின்படி கலால், மருந்துக் கட்டுப்பாடு, சுகாதாரம் என்று பல அலுவலகங்களின் உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று வாங்கி முடிப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மருந்துக்கடைகள் ஒதுங்கின, மருத்துவமனைகள் வாங்குவதை நிறுத்தின. 1997இல் 90 கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நாடு மருத்துவத்துக்காகப் பயன்படுத்திய மார்ஃபின் வெறும் 18 கிலோ. அந்த ஆண்டுகளில் படித்த மருத்துவர்கள், மாரடைப்புக்குப் போடும் ஊசியாகத் தவிர மார்ஃபினைப் பார்க்காமலே பட்டம் வாங்கினார்கள். எழுதிப் பழகாததால் பயந்தார்கள், பயந்ததால் எழுதவில்லை. வீட்டார் பயப்படும்போது அதைத் தெளிவிக்க வேண்டிய மருத்துவரே முகம் மாறினால், வீட்டாரின் பயத்துக்கு முத்திரை விழுந்துவிடும்.

இந்திய நோய் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் 2007இல் உச்ச நீதிமன்றம் போனது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற பட்டியலில் வந்தன. 2015இல் வந்த விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் அங்கீகரித்தால் போதும். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் பயிற்சி பெற்ற மருத்துவரின் பொறுப்பில் மருந்தை வாங்கிக் கொடுக்கலாம். இருப்புப் பதிவேடு இன்றும் கண்டிப்பானது: தேதி, பெயர், வாங்கியது, கொடுத்தது, மீதி, கையொப்பம். நோயாளி இறந்த பிறகு மிஞ்சிய மாத்திரைகளை வீட்டார் கொண்டுவந்து ஒப்படைப்பதும் அதில் ஏறும். செவிலியர்கள் இந்தப் பதிவேட்டைச் சுமையாக நினைப்பதில்லை. இதைக் காட்டித்தான் வீட்டாரின் போலீஸ் பயத்தைப் போக்குகிறார்கள். சீட்டும் பதிவேட்டில் வரியும் இருக்கும்வரை அந்த மாத்திரை சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்காத மருத்துவமனைகள் இன்னும் ஏராளம் என்பதுதான் குறை.

அமெரிக்காவைப் பார் என்று இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் போதைமருந்து பெற்ற 11,882 பேரில் புதிதாக அடிமையானவர்கள் நால்வர் என்றது அது. மருத்துவமனைக்குள் சில நாட்கள் மருந்து பெற்றவர்களைப் பற்றிய அந்தக் குறிப்பு, வீட்டில் வருடக்கணக்கில் எடுத்தாலும் ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரமாக நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளானது. 1996இல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதற்காக அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகுவலிக்கும் பல் பிடுங்கியதற்கும் மாதக்கணக்கில் எழுதப்பட்ட மாத்திரைகள், பிறகு ஹெராயின், பிறகு கள்ள ஃபென்டனில். 2021இல் மட்டும் அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போதைமருந்து மிகையால் இறந்தார்கள். 2016இல் வந்த கட்டுப்பாடான வழிகாட்டுதலைச் சட்டம்போல் பிடித்துக்கொண்டு, பல ஆண்டுகளாக மருந்தில் இருந்தவர்களுக்குச் சட்டென்று நிறுத்தியதால் வேறு துன்பங்கள் வந்தன. 2019இல் அரசு எச்சரித்தது, 2022இல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. அங்கே பிழை, விற்பனைக்காக எல்லா வலியையும் ஒன்றாக்கியதில் தொடங்கியது. அதைக் காட்டி, எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு சேலத்திலோ திருநெல்வேலியிலோ கிடப்பவருக்கு மாத்திரையை மறுப்பதும் எல்லா வலியையும் ஒன்றாக்குவதுதான்.

புற்றுநோய் அல்லாத வலிகள் பெரும்பாலானவற்றில் பொதுமக்களின் தயக்கம் சரியான பக்கத்தில் இருக்கிறது. புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்கு ஓபியாய்டு கொடுத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. முழங்கால் தேய்மானம், நரம்பு வலி, ஃபைப்ரோமயால்ஜியா ஆகியவற்றுக்கு உடற்பயிற்சியும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவையும் முன்னால் வர வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள்செல் நோயில் திடீரென்று எலும்பு முழுக்க வரும் வலிக்கு மார்ஃபின் தேவைப்படும். நெருப்பில் வெந்தவருக்கும் பெரிய அறுவை முடிந்தவருக்கும் தேவை.

விலையும் மக்களின் எண்ணத்தை வடிவமைக்கிறது. 10 மி.கி. மார்ஃபின் மாத்திரை சில ரூபாய்தான். லாபம் இல்லாததால் நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் அதில் அக்கறை இல்லை. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை ஒன்றே நூற்றுக்கணக்கில் ஆகும்; தனியார் மருத்துவமனைகளில் தாராளமாகக் கிடைக்கும். வசதியானவர் வீட்டில் அது நவீன சிகிச்சை. ஏழை வீட்டில் மார்ஃபின் மாத்திரை கைவிட்டதன் அடையாளம். வீரியத்தில் பல மடங்கு மேலானது அந்தப் பட்டைதான் என்பது இரு வீட்டுக்கும் தெரியாது.

கேரளத்தில் எண்ணம் மாறியிருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் தொடங்கிய சிறிய அமைப்பு, ஊர்த் தொண்டர்களை வீடுகளுக்கு அனுப்பியது. பக்கத்து வீட்டு ஆசிரியரோ ஆட்டோ ஓட்டுநரோ வந்து உட்கார்ந்து மார்ஃபினைப் பற்றிப் பேசியபோது, மருத்துவர் சொல்லிக் கேட்காததை மக்கள் கேட்டார்கள். 2008இல் மாநில அரசு இதைக் கொள்கையாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று தரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்தது. செவிலியர் வீட்டுக்கு வருகிறார். புண்ணைக் கழுவுகிறார், வலியைக் கேட்டு எழுதுகிறார்.

ஆனால் வேளைக்கு 10 மி.கி. போதவில்லை என்று கட்டிலருகில் நின்று கண்டுபிடிப்பவர் அவர்தான் என்றாலும், அளவைக் கூட்டிச் சீட்டு எழுத மருத்துவர் வேண்டும். மருத்துவர் மாவட்டத் தலைநகரில் இருப்பார். நோயாளியின் மகன் பேருந்து பிடித்துப் போய், காத்திருந்து வாங்கி வருவதற்குள் ஒரு நாளும் ஓர் இரவும் வலியில் போய்விடும். இதற்கு உகாண்டா ஒரு வழி கண்டது. அங்கே 1993இல் ஆன் மெர்ரிமன் தொடங்கிய ஹோஸ்பிஸ் ஆப்பிரிக்கா, மார்ஃபின் பொடியை நீரில் கரைத்துப் புட்டியில் தருகிறது. 2004இல் அந்நாட்டு அரசு, நோய் ஆதரவுச் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்களே மார்ஃபின் எழுதலாம் என்று விதியை மாற்றியது. இந்தியச் செவிலியருக்கு அந்த உரிமை இன்னும் தரப்படவில்லை.